நரம்பு பேசுவது வெள்ளையணுவுக்குக் கேட்குமா? அசிட்டைல்கோலின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வாரம், நரம்பு மண்டலமும் நோயெதிர்ப்பு மண்டலமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பற்றிப் பேசினேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களுடைய அம்மாமாரும் தாத்தாமாரும் சந்தையிலும் பேருந்திலும் நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் அக்காவுக்குப் பதினொரு வருடமாக மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம். அவளுக்காகத்தான் நானே இதைத் தேடிப் படித்தேன். அதனால் யார் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

1. நரம்புக்கடத்தின்னா என்ன டீச்சர்? நரம்புல கரண்டுதான ஓடுது?

நரம்பின் நீளம் முழுக்க ஓடுவது மின்சாரம்தான். ஆனால் ஒரு நரம்பு முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி ஒன்று இருக்கும். பெரும்பாலான இடங்களில் மின்சாரம் அதைத் தாண்டாது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக் கடற்கரை வரை பேருந்தில் வந்துவிடலாம், விவேகானந்தர் பாறைக்குப் போகப் படகுதான் ஏற வேண்டும், இல்லையா? அந்தப் படகுதான் நரம்புக்கடத்தி. நரம்பின் நுனி வெளியே விடும் ஒரு வேதிப்பொருள் அது.

இதை முதலில் காட்டியவர் ஓட்டோ லோவி. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நரம்புக்கு வேகஸ் என்று பெயர். 1921-இல் ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை, இருந்தும் அதுவும் மெதுவானது. திரவத்தில் இருந்த அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். இதற்காக 1936-இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நரம்புக்கடத்திகள் பல உண்டு. இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

2. ஏற்பி ஏற்பின்னு சொல்லுதீங்களே, அது எங்க இருக்கு?

செல்லின் மேல்தோலில் பதிந்திருக்கும் புரதம் அது. அசிட்டைல்கோலின் வந்து அதில் பொருந்தினால்தான் செல்லுக்குச் செய்தி கிடைக்கும். ஏற்பி இல்லாத செல்லைப் பொறுத்தவரை அசிட்டைல்கோலின் வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான்.

அசிட்டைல்கோலினுக்கு இரண்டு பெரிய ஏற்பிக் குடும்பங்கள் உண்டு. ஒன்று நிக்கோட்டினிக், புகையிலையின் நிக்கோட்டினும் அதில் பொருந்துவதால் அந்தப் பெயர். ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு வாசல் வைத்தது போல இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் திறந்துவிடும். இன்னொன்று மஸ்கரினிக், ஒரு நச்சுக் காளானில் உள்ள மஸ்கரினின் பெயரால் வந்தது. அதில் எம்-1 முதல் எம்-5 வரை ஐந்து வகை. இது வாசல் திறக்காது, செல்லுக்குள்ளே வேறு புரதங்களை ஏவி மெதுவாக வேலை செய்யும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோப்பின் இந்த இரண்டாவது குடும்பத்தை மட்டும் அடைத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பூச்சிமருந்துக் கேள்வியில் தேவைப்படும்.

குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறார்கள். கூவுவது ஒரே விலைதான். வியாபாரிக்கு அது செலவுக் கணக்கு, வள்ளக்காரருக்கு வரவுக் கணக்கு. அசிட்டைல்கோலினும் அப்படித்தான். அது என்ன செய்யும் என்பது, கேட்கிற செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

3. அது நரம்புக்குள்ள சரக்கு. ரெத்தத்துல ஓடுத வெள்ளையணுவுக்கு அது எதுக்கு?

நியாயமான கேள்வி. ஆனால் அசிட்டைல்கோலின் நரம்புக்கு மட்டும் சொந்தமானதல்ல. நரம்பே இல்லாத செடிகளிலும் பாக்டீரியாக்களிலும் அது இருக்கிறது. நரம்பு தோன்றுவதற்கு முன்பே உயிர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வெள்ளையணுக்களான டி-செல், பி-செல், மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கி செல் எல்லாவற்றிலும் மேலே சொன்ன இரு குடும்ப ஏற்பிகளும் கண்டறியப்பட்டுள்ளன. அதோடு, சில வெள்ளையணுக்கள் அசிட்டைல்கோலினைத் தாங்களே தயாரிக்கவும் செய்கின்றன. ரத்தத்தில் இது நெடுந்தூரம் போகாது, கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனே உடைத்துவிடும். ஆகவே இது பக்கத்துச் செல்லோடு மட்டும் நடக்கிற பேச்சு.

4. அப்போ நரம்பு போய் வெள்ளையணுவைத் தொட்டுப் பேசுமா?

மண்ணீரலில் நடப்பதைச் சொன்னால் இது விளங்கும். நேரடியாக அல்ல, கை மாறி மாறித்தான் செய்தி போகிறது. மண்ணீரலுக்குள் நுழையும் நரம்பு விடுவது அசிட்டைல்கோலின் அல்ல, நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்புக்கடத்தி. அதை வாங்கிக்கொள்ள ஒரு வகை டி-செல் அங்கே இருக்கிறது. அதன் பீட்டா-2 ஏற்பியில் நார்அட்ரினலின் பொருந்தியதும் அந்த டி-செல் அசிட்டைல்கோலினை வெளியே விடுகிறது. அது பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜின் ஆல்ஃபா-7 என்ற நிக்கோட்டினிக் ஏற்பியில் போய் உட்காருகிறது. மேக்ரோஃபேஜ், வீக்கமும் வலியும் உண்டாக்கும் அழற்சிப் பொருளைக் கொட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. நரம்புச் செய்தியை நடுவில் நின்று கடத்துவது ஒரு வெள்ளையணு! முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவில் கெவின் டிரேசியின் குழுவினர் இதைப் படிப்படியாகக் கண்டார்கள். வேகஸ் நரம்பைத் தூண்டினால் எலிகளில் அழற்சி குறைகிறது என்று 2000-இல், அதற்கு ஆல்ஃபா-7 வேண்டும் என்று 2003-இல், நடுவில் நிற்கும் டி-செல்லை 2011-இல். இதற்கு 'அழற்சி அனிச்சை' என்று பெயர். சூடு பட்டால் கை தானாகப் பின்வாங்குவது போல, அழற்சி மிஞ்சினால் நரம்பு தானாக இழுத்துப் பிடிக்கிறது என்பது பொருள். ஆனால் வேகஸும் மண்ணீரல் நரம்பும் எங்கே எப்படி இணைகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. வேகஸ் வழியாக அல்ல, முதுகுத்தண்டிலிருந்து வயிற்றுக்கு வரும் சிம்பதெடிக் நரம்பு வழியாகத்தான் முக்கியக் கட்டுப்பாடு என்று சொல்வோரும் இருக்கிறார்கள். வீடியோக்களில் 'வேகஸ்தான் எல்லாம்' என்று கேட்டால் இந்த வாதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

5. மேக்ரோஃபேஜுக்குள்ள என்ன நடக்குது? பரீட்சைக்கு வேணும்.

ஆல்ஃபா-7 தூண்டப்பட்டதும் ஜாக்-2, ஸ்டாட்-3 என்ற புரதங்கள் விழிக்கின்றன. அழற்சி ஜீன்களை இயக்கும் என்.எஃப்-கப்பா-பி அடங்குகிறது. அதனால் டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளின் உற்பத்தி குறைகிறது. இவ்வளவு எழுதினால் போதும். நரம்பில் வாசல் திறக்கும் அதே ஆல்ஃபா-7, மேக்ரோஃபேஜில் வாசலைத் திறக்காமல் உள்ளே சைகை மட்டும் அனுப்புவதாகத் தெரிகிறது என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொள்.

6. டி.என்.எஃப் கெட்டதா? அதை முழுசா நிப்பாட்டிட்டா நல்லதுதான?

இல்லை. என் அக்காவின் விரல் மூட்டுகளை அரித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே டி.என்.எஃப்தான் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்களால் அரண் கட்டி, பூட்டி வைக்கிறது. டி.என்.எஃபைத் தடுக்கும் ஊசி போடும் முன் மருத்துவர்கள் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பது இதனால்தான். பூட்டு திறந்தால் பல வருடம் தூங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடும். அந்தப் பரிசோதனைக்குச் செலவாகிறது, நேரமாகிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.

7. சுருக்கமாச் சொல்லுங்க டீச்சர். அசிட்டைல்கோலின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா, குறைக்குமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. 'எதிர்ப்புச் சக்தி' என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி ஏறி இறங்குகிற ஒன்றல்ல. எந்தச் செல், எந்த ஏற்பி, எந்த நேரம் என்று கேட்க வேண்டும்.

மேக்ரோஃபேஜின் ஆல்ஃபா-7 அடக்குகிறது என்று பார்த்தோம். எம்-3 ஏற்பி இல்லாமல் வளர்த்த எலிகளைப் பாருங்கள். குடல் புழுவையும் சால்மோனெல்லா கிருமியையும் விரட்ட அவை திணறின, ஏனென்றால் டி-செல்கள் சரியாகக் கிளம்பவில்லை. அங்கே அசிட்டைல்கோலின் தூண்டுகிறது. பி-செல்லிலும் இப்படித்தான்: ஆல்ஃபா-7 இல்லாத எலிகளில் எதிர்பொருள் (ஆன்டிபாடி) அதிகம் உண்டானது, எம்-1, எம்-5 இரண்டும் இல்லாதவற்றில் குறைவாக உண்டானது. ஒரே பொருள் ஒரே செல்லில், ஒரு ஏற்பி வழியாகக் கடிவாளம் போடுகிறது, இன்னொன்றின் வழியாகத் தட்டிவிடுகிறது.

இன்னும் ஒன்று. 2019-இல் வெளிவந்த ஆய்வில், நாள்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில் டி-செல்கள் தாமே அசிட்டைல்கோலின் விட்டு ரத்தக்குழாயை விரித்து, திசுவுக்குள் நுழைய வழி உண்டாக்கிக்கொள்வது தெரிந்தது. அந்த டி-செல்களால் அசிட்டைல்கோலின் தயாரிக்க முடியாதபோது வைரஸைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இங்கே அது அடக்கவுமில்லை, தூண்டவுமில்லை, கதவைத் திறந்துவிட்டது. ஆகவே 'இம்யூனிட்டியைக் கூட்டும்' என்று டப்பாவில் அச்சடித்து விற்கும் எதையும் நான் நம்புவதில்லை.

8. நிக்கோட்டினும் அந்த ஏற்பியில உட்காரும்னா, எனக்க அப்பா பீடி வலிக்கது அழற்சிக்கு நல்லதுன்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஆனால் இந்தக் கேள்வி முட்டாள்தனமானதல்ல. பெருங்குடல் புண் அழற்சி நோய் புகைப்பவர்களுக்குக் குறைவாக வருகிறது என்பது 1980-களிலிருந்தே தெரியும். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை கொடுத்தும் பார்த்தார்கள், சிலருக்குக் குணம் தெரிந்தது, பலருக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வந்தன. அதே குடலில் வரும் கிரோன் நோயைப் புகை மோசமாக்குகிறது. முடக்குவாதத்துக்கோ புகை ஒரு முக்கியக் காரணி. நுரையீரலில் புரதங்களைப் புகை உருமாற்றிவிட, அந்தப் புரதங்களையே உடல் எதிரி என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது.

பீடியில் இருப்பது நிக்கோட்டின் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். வெற்றிலையோடு வைக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும். உங்கள் அப்பாவிடம் நிறுத்தச் சொல்லுங்கள் பிள்ளே. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

9. முடக்குவாதத்துக்குக் கழுத்துல கரண்டு வைச்சு வைத்தியம்னு வீடியோவில பாத்தேன். உள்ளதா?

உள்ளதுதான். வேகஸ் நரம்பில் சிறு கருவி பொருத்தி லேசான மின்துடிப்பு கொடுப்பது புதிதல்ல, வலிப்பு நோய்க்கு அமெரிக்காவில் 1997-லேயே அனுமதி கிடைத்தது. முடக்குவாதத்துக்கு 2016-இல் 17 நோயாளிகளில் செய்த சிறு ஆய்வு வெளிவந்தது, டி.என்.எஃப் குறைந்தது, வலியும் வீக்கமும் குறைந்தன. பிறகு 242 பேரில் பெரிய ஆய்வு நடந்தது. அதன்பின் 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. நாளுக்கு ஒரு நிமிடம்தான் தூண்டல். மற்ற உயர்ரக மருந்துகள் பலிக்காதவர்களுக்கு அல்லது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி.

அக்கா இதைக் கேட்டதும் கண் விரிய, "எனக்கு வைப்பாங்களா?" என்றாள். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அந்த 242 பேர் ஆய்வில் 12 வாரத்தில் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள், தூண்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கருவி வைத்தும் தூண்டல் கொடுக்கப்படாதவர்களிலும் நான்கில் ஒருவர் முன்னேறியிருந்தார். பலன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அக்கா ஒரு தடவை யாரோ சொன்ன சூரணத்தை நம்பி நிறுத்தினாள். அந்த நாலு மாதத்தில் வளைந்த சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை.

10. நம்ம ஊரு வர்ம ஆசான்மாரு தட்டி எழுப்புததும் இதுதான?

குமரி மாவட்டத்தில் இதை யாராவது கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வர்மம் நம் மண்ணின் பெரிய அறிவு, ஆசான்மாரை நான் மதிக்கிறேன். ஆனால் வர்மப் புள்ளி என்பதும் வேகஸ் நரம்பு என்பதும் வேறு வேறு முறைகளில் பிறந்த சொற்கள். மேலே 4-ஆம் கேள்வியில் சொன்ன டி-செல், ஆல்ஃபா-7 பாதையை வர்மத் தட்டு இயக்குகிறது என்று அளந்து காட்டப்படவில்லை. காட்டாமல் இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரண்டுக்குமே மரியாதை இல்லை.

வீடியோ பார்த்துக் கழுத்தின் பக்கவாட்டில் நீங்களே அழுத்தாதீர்கள். அங்கே தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. அழுத்தினால் இதயத் துடிப்பு சட்டென்று விழலாம். வயதானவர்களுக்கு அங்கே படிந்திருக்கும் கொழுப்புத் துண்டு பெயர்ந்து பக்கவாதம் வரவும் கூடும்.

11. மூச்சை மெதுவா விட்டா வேகஸ் வேலை செய்யும்னு சொல்லுதாங்களே?

இதயத்தில் செய்யும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வந்து, எம்-2 ஏற்பி வழியாகத் துடிப்பைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. நாடியைப் பிடித்துக்கொண்டே மூச்சுவிட்டால் நீங்களே உணரலாம். ஆனால் இதயத்துக்குப் போகும் இழையும் அழற்சியைக் கட்டுப்படுத்தும் இழையும் ஒன்றல்ல. துடிப்பு குறைந்ததால் டி.என்.எஃபும் குறைந்தது என்று கணக்குப் போட முடியாது. மனம் அமைதிப்படுகிறதா? அதற்காகவே செய்யுங்கள்.

12. முட்டை, மீனுல கோலின் இருக்காமே. நிறையச் சாப்பிட்டா?

முட்டை மஞ்சள்கருவிலும் ஈரலிலும் மீனிலும் கோலின் உண்டு. அது மூலப்பொருள் மட்டும்தான். எவ்வளவு அசிட்டைல்கோலின் எப்போது வெளியே போக வேண்டும் என்பதை நரம்பும் செல்லும்தான் தீர்மானிக்கின்றன. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் நல்ல சாப்பாடு, ருசித்துச் சாப்பிடுங்கள். மருந்தென்று நினைத்துச் சாப்பிட வேண்டியதில்லை.

13. வாழைக்கு மருந்து அடிச்ச அன்னைக்கு எனக்க வீட்டுக்காரருக்கு வாயில நுரை, கண்ணுல தண்ணி. அசிட்டைல்கோலின் கூடிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கூடினா அழற்சி குறையும்னு நீங்க சொன்னீங்களே?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, 3-ஆம் கேள்வியில் சொன்ன கோலினெஸ்டரேஸ் நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அசிட்டைல்கோலின் உடையாமல் உடம்பெங்கும் தேங்கும். எச்சில், கண்ணீர், வியர்வை, சுருங்கிய கண்மணி, நெஞ்சில் சளி எல்லாம் மஸ்கரினிக் பக்கத்தின் கூத்து. தசை துடிப்பதும் பிறகு தளர்வதும் நிக்கோட்டினிக் பக்கம். ஆஸ்பத்திரியில் முறிவு மருந்தாகக் கொடுக்கும் அட்ரோப்பின் மஸ்கரினிக் பக்கத்தை மட்டும்தான் அடைக்கும். சுவாசத் தசை தளர்ந்தால் வென்டிலேட்டர் தேவைப்படுவது அதனால்தான்.

மண்ணீரலில் ஒரு டி-செல் பக்கத்துச் செல்லுக்கு விடும் துளியும், உடம்பு முழுக்கத் தேங்கும் வெள்ளமும் ஒன்றாகாது. இப்படி நடந்தால் உடுத்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

14. பாம்பு விஷமும் இதே ஏற்பியிலதான் போய் ஒட்டுமா?

ஆமாம். நல்லபாம்பின் விஷத்தில் உள்ள ஒரு வகை நஞ்சு, தசையில் இருக்கும் நிக்கோட்டினிக் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். இமை சரியும், பிறகு மூச்சு நிற்கும். கட்டுவிரியன் இன்னும் மோசம், அசிட்டைல்கோலின் விடும் நரம்பு நுனியையே சிதைக்கும். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் டார்ச்சும் பூட்சும் இல்லாமல் போகாதீர்கள். கடித்தால் கட்டுப் போடவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தைவான் பக்கத்துக் கட்டுவிரியன் ஒன்றின் விஷத்திலிருந்து பிரித்த ஆல்ஃபா-பங்காரோடாக்சின், ஆல்ஃபா-7-லும் இறுக்கமாக ஒட்டும். அதில் ஒளிரும் சாயம் ஏற்றித்தான் 2003-இல் மனித மேக்ரோஃபேஜின் மேல் அந்த ஏற்பி இருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

15. உடம்பே தன்னோட ஏற்பியைத் தாக்குமா? எனக்க சித்திக்கு சாயங்காலம் ஆனா இமை தாழ்ந்துபோவுது, டாக்டர் என்னமோ பேரு சொன்னாரு.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று சொல்லியிருப்பார். இங்கே கதை திரும்பி ஓடுகிறது. இதுவரை அசிட்டைல்கோலின் வெள்ளையணுவிடம் பேசியதைப் பார்த்தோம். இதில் வெள்ளையணு உண்டாக்கும் எதிர்பொருள், தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியை அழிக்கிறது. காலையில் பரவாயில்லாமல் இருந்து, வேலை செய்யச் செய்யத் தளர்வது இதன் அடையாளம். பலருக்குத் தைமஸ் சுரப்பியில் கோளாறு இருக்கும், அதனால் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, 13-ஆம் கேள்வியின் அதே நொதியை அளவாக, தற்காலிகமாகத் தடுக்கிறது. மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அசிட்டைல்கோலின் கிடைக்கும். அளவு மீறக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இந்தத் தளர்ச்சியைக் கூட்டும், ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் சித்தி இந்த நோயின் பெயரை முதலில் சொல்லட்டும்.

16. ஆல்ஃபா-7 இவ்வளவு நல்லதுன்னா அதைத் தூண்டுத மாத்திரை ஏன் இன்னும் கடையில வரல?

பிளஸ் டூ மாணவன் ஒருவன் கேட்டது. முதலில், ஆல்ஃபா-7 மூளையிலும் நிறைய இருக்கிறது. மாத்திரை மண்ணீரலுக்கு மட்டும் போய் நிற்காது. இரண்டாவது, அந்த ஏற்பி சட்டென்று மரத்துப்போகும். மருந்து தொடர்ந்து ஒட்டியிருந்தால் பதில் சொல்வதை நிறுத்திவிடும். மனச்சிதைவுக்கும் அல்சைமருக்கும் இப்படிப்பட்ட மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார்கள், பெரிய சோதனைகளில் அவை தேறவில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே நான் சொன்னவற்றில் பெரும்பகுதி எலியில் கண்டது. மனிதனிடம் எலிக்கு இல்லாத ஒரு ஜீன் இருக்கிறது. ஆல்ஃபா-7 ஜீனின் ஒரு பகுதி எப்போதோ நகலாகி, வேறொரு ஜீனோடு ஒட்டிப் பிறந்தது அது. அதன் புரதம் ஆல்ஃபா-7-ஓடு சேர்ந்துகொண்டு அதன் வேலையைத் தளர்த்துகிறது. நம் வெள்ளையணுக்களில் அது நன்றாகவே வெளிப்படுகிறது. ஆளுக்கு ஆள் அதன் நகல்களின் எண்ணிக்கையும் மாறும், சிலரிடம் இருப்பதே இல்லை. ஆகவே எலியின் மேக்ரோஃபேஜ் கீழ்ப்படிந்த மருந்துக்கு உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மாதிரி கீழ்ப்படியும் என்று எதிர்பார்க்க முடியாது.